வரேன் என்று சொன்னவர்கள்

கிளம்பும்போது நம்மில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை, ஐயா. "போயிட்டு வரேன்" என்போம், இல்லாவிட்டால் வெறுமனே "வரேன்" என்போம். இருதய வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வார்டு நர்ஸ் நான். அவர்கள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சின்ன ஒத்தாசை செய்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனவர்கள் ஏன் போன வேகத்தில் திரும்பி வருகிறார்கள் என்று பெரிய டாக்டர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். உப்பைக் குற்றம் சொன்னார். மருமகள்களைக் குற்றம் சொன்னார். பாவம், மருமகள்கள்.

நல்ல நோயாளி கிடைப்பது குதிரைக் கொம்பு. சிடுமூஞ்சிகளுக்கு மாத்திரைகளை மணிமணியாக விளக்கி அனுப்பிவிடுவேன். அவர்கள் வீட்டிலேயே சௌக்கியமாக இருக்கட்டும். மனசுக்குப் பிடித்தவர்களிடம் மட்டும் நீர் மாத்திரையைக் காட்டி, "கால் வீக்கம் வடிஞ்சதும் இதை நிறுத்திடுங்க" என்பேன். நிறுத்தினால் உடம்பில் நீர் கோக்கும், மூச்சு வாங்கும், வந்துவிடுவார்கள். வந்தபின் ராப்பகல் பார்க்காமல் நான்தான் கவனித்துக்கொள்வேன். பெற்ற பிள்ளைகூட அப்படிப் பார்க்காது.

தையல்காரரும் அப்படி வந்துபோய்க்கொண்டிருந்தவர்தான். பெரிய டாக்டரின் கோட்டைப் பார்த்து, "இதுக்கு அளவெடுத்தவனுக்கு அன்னைக்கு ஜுரமா?" என்று கேட்டு வார்டையே சிரிக்க வைத்தார். அறுந்து தொங்கிய என் யூனிஃபார்ம் பொத்தானைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தைத்துக் கொடுத்தார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். அவர்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

கடைசியாகக் கிளம்பிய அன்று அவர் மகள், "இனிமே அப்பா என் வீட்டுலதான் சிஸ்டர். நானே பாத்துக்கறேன்" என்றாள்.

"ஆமா தங்கச்சி. இந்த வாட்டி வரேன்னு சொல்ல மாட்டேன். போறேன்" என்று அவர் கண்ணடித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நீர் மாத்திரையோடு இருதய மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்று மகளிடம் சொன்னேன். இரண்டு மாத்திரை குறைந்ததே என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

மறுபடி வார்டுக்குக் கொண்டுவருகிற வழியிலேயே அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. படுக்கையெல்லாம் விரித்துத் தயாராக வைத்திருந்தேன்.

மகள் உங்களிடம் புகாரில் சொன்னது அத்தனையும் உண்மை. நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. வரேன் என்று சொன்ன எல்லோரும் வந்தார்கள். அவர் ஒருவர்தான் போறேன் என்றார். அப்படிச் சொல்லச் சொன்னதும் நானா?