மாதுளை போட்ட சீனப்பட்டு

காப்பியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், ஐயா. ஆறினால் எங்கள் திருப்பூர்த் தண்ணீரின் உப்பு நாக்கிலேயே நிற்கும்.

மயிலாள் என் கொழுந்தன் சென்னியப்பனின் மனைவி. அறுபத்து நாலில் எல்லாவற்றையும் ரங்கூனில் விட்டுவிட்டு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவள் பத்திரமாகக் கொண்டுவந்தது ஒரு சீன அங்கி மட்டும்தான். பக்கத்து வீட்டுச் சீனத்தி கொடுத்த பழங்காலத்துக் கல்யாண உடுப்பு. சிவப்புப் பட்டில் பொன்னிழை வௌவால்கள், வெடித்த மாதுளைகள். வௌவாலைப் போய் யாராவது கல்யாணத்துக்கு உடுத்துவார்களா என்று சிரித்தேன்.

"அவிங்களுக்கு வௌவாலு அதிர்ஷ்டமுங்க அக்கா. மாதுளை முத்தாட்டம் புள்ளைக பொறக்குமாம். நீங்க இதை விரிச்சுப் படுங்க."

எனக்குக் கல்யாணமாகி அப்போதே பல வருடம். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குச் சுட்டது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். ஒரு வருடம் அதன்மேல் படுத்தேன். மாதாமாதம் தலைமுழுகியதுதான் மிச்சம். மாதுளை அவளுக்குப் பலித்தது. விரித்துப் படுத்தவள் நான், பெற்றவள் அவள். நியாயப்படி அந்தப் பிள்ளை யாருக்குச் சேர வேண்டும்?

தொட்டில் போடும் நாள் நெருங்கியதும் அங்கியைத் திருப்பிக் கேட்டாள்.

"புள்ளையை அதுல படுக்க வெக்கோணுமுங்க அக்கா."

அவள் கேட்டதில் தப்பில்லை. அன்று அமாவாசை, எங்கள் சலவைப்பட்டறைக்கு லீவு. பனியன் துணி வெளுக்கும் பிளீச்சிங் தொட்டியில் அங்கியைப் போட்டு, ஆசிட் ஜாடியையும் கவிழ்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் புகையில் ஆள் பிழைக்காது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவள் பட்டறைப் பக்கம் வந்ததே இல்லை.

"அழுக்கா இருந்துச்சு கண்ணு, பட்டறைத் தொட்டியில ஊறப் போட்டிருக்கறேன்" என்றேன்.

"ஐயோ, அது பட்டுங்க அக்கா, வீணாப் போயிருமுங்க. புள்ளையச் சித்தெ புடிங்க."

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். உள்ளே போனதும் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

இருமினாள். கதவைத் தட்டினாள். கடைசி வரைக்கும் அக்கா, அக்கா என்றுதான் கூப்பிட்டாள். மரியாதை தெரிந்த பெண். அப்புறம் சத்தம் இல்லை.

நான் கல்நெஞ்சுக்காரி அல்ல, ஐயா. தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பிள்ளை என் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தால் புகை அவன்மேல் படும். எந்தத் தாய் திறப்பாள்?