ஆறாத கோபம்

மன்னாரிலிருந்து வெள்ளாங்குளம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் நீதிமன்றத்தில் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அக்காவும் தங்கையும்.

“அப்புக்காத்து என்ன சொன்னவர், அக்கா?”

“கடற்கரையில அடிபட்ட கோவம் ஆற முதல் என்ர மகன் குத்தியிருந்தால் கொஞ்ச வருசம் சிறையில, மறியலோட போகுமாம். ஆறின பிறகு போய்க் குத்தினால் கொலையாம். தூக்குத் தீர்ப்பாம்.”

“இப்ப ஆரையும் தூக்கில போடுறேல்லையே.”

“போடாட்டிலும் சாகுமட்டும் உள்ளுக்குத்தானே.”

“மகன் கோவத்திலதானே வீட்ட வந்து கத்தியை எடுத்தவன்?”

“ஓம். ஆனால் நான் பொலிசுக்கு வேற மாதிரிச் சொல்லிப்போட்டன். அவன் இருந்து, வயிறாரச் சாப்பிட்டிட்டுத்தான் போனவன் எண்டு.”

“ஏனக்கா?”

“ஊர்ச்சனம் முழுக்க வாசலில நிண்டது. பெத்த பிள்ளையைப் பட்டினியாய் அனுப்பினனான் எண்டு சொல்ல வெக்கமாய்க் கிடந்தது. எழுதி வாசிச்சாங்கள். கையெழுத்தும் வைச்சனான்.”

இலுப்பைக்கடவையில் வேறு இருவர் இறங்கினார்கள். பேருந்து மறுபடி புறப்பட்டதும் தங்கை அக்கா பக்கம் திரும்பினாள்.

“அப்ப அவன் சாப்பிடேல்லையோ?”

“நான் சோத்தைப் போட்டுக்கொண்டு வந்து பாக்க, ஆள் இல்லை.”