துணிக்கொடிக்குக் கீழே முளைத்தது

தெருவில் என்னைச் சலவைக்கடை அக்கா என்பார்கள். வயது நாற்பத்தெட்டு. பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில் கீழே கடை, மேலே வீடு. கணவர் காலமாகிவிட்டார். தம்பி என்னோடு இருந்து கடை வேலை பார்க்கிறான். விசாரணை அதிகாரி கேட்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முன்பு வாய்மொழியாகச் சொன்னதைத் திருத்தி இப்போது சொல்கிறேன்.

என் தம்பிக்கு முன்பு கஞ்சாப் பழக்கம் இருந்தது. மறைப்பதற்கில்லை, தெருவே அறியும். சிகிச்சை எடுத்து அதை விட்டுவிட்டான். அதன் பிறகு இஸ்திரிப் பெட்டி உண்டு, அவன் உண்டு என்று இருக்கிறான். சட்டைக் காலரில் அவன் கைப்பக்குவம் எனக்கு வராது.

சில மாதங்களுக்கு முன்பு கடையின் பின்புறம், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, சுவரோரம் ஒரு செடி முளைத்தது. மெஷின் தண்ணீர் வழிகிற இடம் என்பதால் கிடுகிடுவென்று என் இடுப்பளவு வளர்ந்தது. இலை, விரித்த கைவிரல்கள் போல இருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது, ஒரு மாதிரி வாடையும் அடித்தது. கஞ்சாச் செடிதான் என்று நினைத்துவிட்டேன். தம்பியிடம் கேட்க வாய் வரவில்லை. பிடுங்கினால் அவனைச் சந்தேகப்பட்டதாகிவிடும், விட்டால் ஊர் பார்க்கும். அதனால் வாடிக்கையாளர்களின் படுக்கை விரிப்புகளை மாற்றி மாற்றி அந்த மூலையிலேயே காயப்போட்டுச் செடியை மறைத்தேன். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

அதன் பிறகு, வெயில் இல்லாத மூலையில் எந்நேரமும் விரிப்பு தொங்குவதைக் கவனித்த பின்பக்கத்து எதிர்மாடிக்காரர் புகார் கொடுத்தார். இந்த அதிகாரியும் ஒரு பெண் காவலரும் வந்து விரிப்பை விலக்கினார்கள். "இதை யார் வச்சது?" என்று அதிகாரி கேட்டார். தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வருவதற்குள் நான் முந்திக்கொண்டு, "நான்தான் வச்சேன்" என்றேன். அது பொய். தம்பி என்னைப் பார்த்துவிட்டு இஸ்திரி மேசைக்குத் திரும்பிப் போனான். அன்று மாலை ஒரு காலர் கருகியது. அதற்கு முன் அவன் கையில் எதுவும் கருகியதில்லை.

அதிகாரி நினைத்திருந்தால் செடியைப் பிடுங்கி எங்களையும் அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அவர் குனிந்து இலைக்காம்பைப் பிடித்தவர், கையை வெடுக்கென்று இழுத்தார். முள் குத்தியிருந்தது. "கஞ்சாச் செடிக்கு முள்ளு கிடையாதே" என்று பெண் காவலரிடம் சொன்னார். நுனியில் இருந்த மொட்டைக் காட்டி, "பூக்கட்டும், என்னன்னு பாத்துக்கலாம். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். அதன் பிறகு தினமும் மாலையில் பெண் காவலர் வந்து செடியைப் பார்த்துவிட்டுப் போனார். வந்ததுதான் வந்தோம் என்று தன் சீருடையையும் சலவைக்குப் போட்டார்.

ஒரு நாள் அந்தி நேரத்தில் பூத்தது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, பூனை மீசை போல நீளநீளமான இழைகளோடு இருந்தது. அதிகாரி, செடி நர்சரி நடத்தும் ஓர் அம்மாவை அழைத்து வந்தார். அந்த அம்மா பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது கஞ்சா இல்லைங்க. வேளைச் செடி வகையில ஒண்ணு. எங்க தோட்டத்துல களையா வந்து உயிரை வாங்குது" என்று தன் மேலங்கிப் பையை உதறிக் காட்டினார். உள்ளங்கையில் பொடி விதைகள் விழுந்தன. அவருடைய ஆட்களின் வேலை உடுப்புகள் எங்கள் கடைக்குத்தான் வருகின்றன. மெஷினில் போடுமுன் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்து அந்தச் சுவரோரம் உதறுவது என் வேலை.

"அப்போ நீங்க அன்னைக்குச் சொன்னது உண்மைதான்" என்று அதிகாரி சிரித்தார். இல்லை, சொன்னபோது அது பொய்தான். அப்படியே பதிவு செய்யவும்.

எல்லோரும் போன பிறகு தம்பி கேட்டான்: "என்னை நம்பாம சொன்னியா, காப்பாத்தணும்னு சொன்னியா?"

"ரெண்டும்தான்டா."

"காப்பாத்தினது போதும்க்கா. இனிமே நம்பு" என்றான்.

ஒரு மொட்டு விரியும்வரை பொறுத்திருந்து என் தம்பியைக் காத்த அதிகாரிக்கும், பெண் காவலருக்கும், நர்சரி அம்மாவுக்கும் நன்றி. எதிர்மாடிக்காரருக்கும் கூட நன்றி, அவர் இல்லாவிட்டால் நான் இன்னும் விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பேன். வாக்குமூலத்தில் நன்றி எழுதும் வழக்கமில்லை என்று அதிகாரி பேனாவை நிறுத்தினார். நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள், இதுவும் நடந்ததுதான் என்றேன். எழுதிக்கொண்டார்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய்யில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு எனக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும் என்று அதிகாரி சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் தம்பியைக் கூப்பிட்டேன்.

(ஒப்பம்) சலவைக்கடை அக்கா
சாட்சி: (ஒப்பம்) தம்பி