மூன்றாம் எண் வால்வு

1948-ம் வருஷம் நவம்பர் மாதம் 23-ந் தேதி செவ்வாய்க்கிழமை பகல் 11.30 மணிக்கு மாஜிஸ்திரேட் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: ஞானதாஸ். தகப்பனார்: அல்போன்ஸ், பள்ளி ஆசிரியர். வயது: 21. தொழில்: டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உதவியாளர். விலாசம்: 14, மாதா கோயில் சந்து, சாந்தோம், மயிலாப்பூர்.

நான் வாக்குமூலம் கொடுக்கக் கட்டாயமில்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே உபயோகப்படும் என்றும் எடுத்துச் சொல்லி, யோசிக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். யோசித்தேன். என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை. உட்கார்ந்து சொல்ல அனுமதி கேட்டேன், கொடுக்கப்பட்டது.

காயம்பட்ட ஸ்தனிஸ்லாஸ் என் தெருக்காரர், வயது 24. அவர் மோட்டார் ஓட்டுவதைப் பார்த்தவர்கள் வேறு யார் ஓட்டுவதையும் பார்க்க மாட்டார்கள். இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லப்பட்டதால் நிறுத்திக்கொள்கிறேன். இப்போது காவலில் இருக்கும் ஷரீஃப் மெக்கானிக், வயது 28. கோபாலபுரத்தில் ஒரு பங்களாவுக்குப் பின்னால் ஷெட் போட்டிருக்கிறார். நான் யாரிடமும் வேலை கற்றவன் அல்ல. மூர் மார்க்கெட்டில் பழைய மோட்டார் பத்திரிகைகள் வாங்கிப் படித்து நானாகவே தெரிந்துகொண்டவன். சாயங்காலங்களில் ஷெட்டுக்குப் போய் வேலை செய்வேன்.

இந்த வருஷம் ஸ்தனிஸ்லாஸ் ஒரு டாக்டரிடமிருந்து பழைய நான்கு சிலிண்டர் காரை வாங்கினார். அதன் பிறகு ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களின் ஏலத்தில் ஒரு சூப்பர்சார்ஜர் எடுத்தார். எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதாமல், பெட்ரோல் கலந்த காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி அது. ஷெட்டில் அதை ஊதி என்போம். 21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் அதற்குள் ஊதியை மாட்டச் சொன்னார்.

ஷரீஃப் பாய் மறுத்தார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அந்த வண்டி நான்கு வருஷம் கரி வாயுவில் ஓடியது. வால்வுகள் கருகி, உட்காரும் இடங்கள் குழி விழுந்திருந்தன. எஞ்சினுக்குள் பற்றும் நெருப்பை உள்ளேயே அடைத்து வைப்பது வால்வுதான். அது சரியாக உட்காராவிட்டால் நெருப்பு பின்பக்கமாக ஊதிக்குள் வரும். 18-ந் தேதி வியாழக்கிழமை, பங்களா தோட்டக்காரர் கனகராஜ் கேட்கும்படி, ஷரீஃப் பாய் சொன்ன வார்த்தைகள் இவைதான்: "தே பாரு ஸ்தனி, வால்வு சரியா உக்காராம இத்த மாட்னேன்னு வை, நீ எரிஞ்சிதான் போவே." ஸ்தனிஸ்லாஸ் சிரித்துக்கொண்டு, "இன்னா பாய், வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றார். இதைத்தான் ஸ்தனிஸ்லாஸின் சித்தப்பா கொலை மிரட்டல் என்று புகாரில் எழுதியிருக்கிறார். அது மிரட்டல் இல்லை. வால்வு வேலை முடிந்த பிறகு மாட்டலாம் என்றுதான் அன்று முடிவானது.

அதன் பிறகு ஷரீஃப் பாயும் நானும் எட்டு வால்வுகளையும் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் புதிதாக மாற்றி, ஒவ்வொரு வால்வையும் அதனதன் இடத்திலேயே பேஸ்ட் வைத்துத் தேய்த்தோம். அப்படித் தேய்த்த வால்வு அந்த ஓர் இடத்துக்குத்தான் பொருந்தும். வால்வில் நம்பர் கொத்தினால் ஊதியின் சூட்டில் அங்கே விரிசல் விடும் என்று ஷரீஃப் பாய் கொத்த விடமாட்டார். துளை போட்ட பலகையில் நிற்க வைத்து, துளைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் நம்பர் எழுதுவார்.

19-ந் தேதி வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். பகல் பன்னிரண்டரை மணிக்கு ஷரீஃப் பாய் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். "நம்பர் பாத்து மாட்டுபா. மாட்டிட்டு மண்ணெண்ணெய் ஊத்தி வை, நான் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எஞ்சினின் மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்துப் போட்டு, வால்வு உட்கார்ந்திருக்கும் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி விடுவோம். பின்னால் உள்ள துவாரத்தில் ஈரம் வந்தால் வால்வு சரியில்லை என்று அர்த்தம்.

இரண்டு நாள் மழைக்குப் பிறகு அப்போதுதான் வெயில் அடித்தது. தேய்த்த வால்வின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மோதிரம் போல ஒரு கோடு விழும். அதை வெயிலில் பார்க்க ஆசைப்பட்டுப் பலகையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஈரத்தில் கால் வழுக்கியது. பலகை சாய்ந்து, காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வுகள் நான்கும் கீழே விழுந்தன. அவை நான்கும் ஒரே அளவு. சாக்பீஸ் நம்பர் பலகையில்தான் இருந்தது, வால்வில் இல்லை. ஒன்றையும் நான்கையும் கோட்டின் அகலத்தை வைத்து அடையாளம் கண்டேன். இரண்டும் மூன்றும் எது எது என்று தெரியவில்லை. உத்தேசமாக மாட்டினேன்.

அதன் பிறகு மண்ணெண்ணெய் ஊற்றினேன். கால் மணி நேரத்துக்குள் மூன்றாம் துவாரத்தில் ஈரம் தெரிந்தது. மறுபடி கழற்றித் தேய்த்தால் சனிக்கிழமை ராத்திரி ஆகிவிடும், ஓட்டிப் பார்க்க நேரம் இருக்காது, பந்தயம் போய்விடும். பத்திரிகையைப் பார்த்து வேலை செய்கிறவன் என்று பாய் கேலி செய்வார் என்றும் தோன்றியது. துணியால் ஈரத்தைத் துடைத்தேன். மண்ணெண்ணெயை வடித்துவிட்டேன்.

ஷரீஃப் பாய் திரும்பி வந்து, "இன்னாபா, கசிஞ்சுதா?" என்று கேட்டார். நான், "ஒரு சொட்டு இல்ல பாய்" என்றேன். "அப்போ நீ தேறிட்டே போ" என்றார். அதன் பிறகு இருவருமாக ஹெட்டை ஏற்றி ஊதியை மாட்டினோம்.

20-ந் தேதி சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஸ்தனிஸ்லாஸ் வண்டியை அடையாறு பாலத்தைத் தாண்டி எலியட்ஸ் கடற்கரை ரஸ்தாவுக்கு எடுத்துப் போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போகாமல் இருக்க ஒரு காரணம் யோசித்தேன், கிடைக்கவில்லை. மூன்றாவது கியரில் எஞ்சின் ஒரு தடவை தும்மியது. ஸ்தனிஸ்லாஸ், "கேட்டியா மச்சான், இன்னமா பாடுது!" என்றார். அது பாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். "நிறுத்து" என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது தடவை தும்மியது. அதன் பிறகு வெடித்தது.

பானெட் பிய்த்துக்கொண்டு போனது. நெருப்பு ஸ்டியரிங் வரை வந்தது. எதிரே மீன் கூடைகளோடு நாலைந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் குதித்துவிட்டேன். ஸ்தனிஸ்லாஸ் குதிக்கவில்லை. வண்டியை அவர்களை விட்டு விலக்கி மணலுக்குள் ஏற்றிய பிறகுதான் கையை எடுத்தார். அதனால்தான் அவருடைய இரண்டு கைகளும் முகமும் அப்படி ஆயின. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதன் பிறகு ஷரீஃப் பாயும் நானும் வண்டியைக் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று சாயங்காலம் ஷரீஃப் பாய் ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றினார். மூன்றாம் குழியில் ஊற்றியது எங்கள் கண் முன்னாலேயே இறங்கியது. அவர் இரண்டாம் வால்வைக் கழற்றி மூன்றில் போட்டுப் பார்த்தார். இறங்கவில்லை. அதன் பிறகு என்னைப் பார்த்து, "பலகை வுழுந்துச்சா?" என்று கேட்டார். நான் கீழே சிந்திய மண்ணெண்ணெயைத் துடைக்கக் குனிந்தேன். அவர் வால்வுகளை வெடித்தபோது இருந்தபடியே திருப்பி மாட்டினார். அப்போது போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர், வால்வு மாட்டியது யார் என்று கேட்டார். "ஷெட்டு என்னுது சார். மாட்னதும் நான்தான்" என்று ஷரீஃப் பாய் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று திங்கட்கிழமை அவர் மனைவி ஹாஜிரா பீ என் வீட்டு வாசலுக்கு வந்தார். "நீ கூடத்தானே இருந்தே நைனா. அவரு வாயத் தொறக்க மாட்டேன்றாரு. ஸ்டேஷன்ல வேற சட்டை குடுத்து, போட்டிருந்தத கேட்டேன், குடுத்தாங்க. முதுகெல்லாம் ரத்தம். இன்னா நடந்துச்சு, நீயாவது சொல்லு" என்றார். நான் காய்ச்சல் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவர் உடனே போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

என் தகப்பனாருக்கு இது இன்னும் தெரியாது. ஸ்தனிஸ்லாஸ் பேச ஆரம்பித்தால் என்னைத்தான் முதலில் கேட்பார் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு ஜெயிலைவிட அது பயமாக இருக்கிறது.

மேற்படி ஹெட் இப்போது போலீஸ் வசம் இருக்கிறது. எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் வைத்து இரண்டாம் வால்வையும் மூன்றாம் வால்வையும் இடம் மாற்றி மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம். கசியாது. ஷரீஃப் பாயின் வேலையில் குற்றமில்லை என்பது அதில் தெரியும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில், "தெரியாமல் மாட்டிவிட்டேன்" என்று இருந்தது. ஈரத்தைத் துடைத்தபோது எனக்குத் தெரியும் என்று சொல்லி, அந்த வார்த்தையை அடிக்கக் கேட்டேன். அது எனக்குப் பாதகம் என்று மறுபடியும் எச்சரித்தார்கள். அடிக்கச் சொன்னேன். அடிக்கப்பட்டது. அந்த இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் நிஜம்.

(ஒப்பம்) அ. ஞானதாஸ்