விமானம் மாறும் ஊர்

விளக்கைத் தணித்துவிட்டு, இப்படி நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் ரெத்தினத்தின் அக்காள் செவ்வந்திக்கு நடந்தது.

விடியற்காலை மூன்று மணி. வெண்ணாற்றங்கரைச் சாலையில் ஈ காக்கை இல்லை. திருச்சி விமான நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது... உள்ளே ஆணியடித்த பெட்டி. அதற்குள் செவ்வந்தியின் புருஷன் மருதையன்.

மருதையனின் அப்பன் உழவர்களோடு கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய் வாங்கிய நிலம், ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அது கடனில் கைவிட்டுப் போகக் கூடாதென்றுதான் மருதையன் வளைகுடாவுக்குப் போனான். போன இடத்தில் மாரடைப்பு. அவன் இருந்த ஊரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் கிடையாது. நடுவில் ஒரு பெரிய ஊரில் மாற்றி ஏற்ற வேண்டும். பல தேசத்து விமானங்கள் வந்து கூடிப் பிரிகிற ஊர். உயிரோடு போகிறவனும் அங்கே இறங்கித்தான் ஏற வேண்டும், பெட்டியில் போகிறவனும் அப்படித்தான். அன்றைக்கு அங்கே பெட்டிகள் வரிசையாகக் கிடந்தனவாம்.

"முகத்தப் பாக்காம தாலிய எறக்க மாட்டேன் தம்பி," என்றாள் செவ்வந்தி.

கொழுந்தன் இராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டான். "வேணாம் அண்ணி. ரொம்ப நாளாயிருச்சு, பாக்குற மாதிரி இருக்காது. பொட்டிமேல அண்ணன் பேருதான் ஒட்டியிருக்கு."

நல்லதை நினைத்துத்தான் சொன்னான், பாவி. ஊரும் அதையே சொன்னது. திறக்காமலே அந்த நிலத்தின் மூலையில் புதைத்தார்கள். செவ்வந்தி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். யாராலும் வாங்க முடியவில்லை.

அன்று ராத்திரி... டொக். டொக்.

வாசற்கதவு. இடுக்கு வழியாக ஆஸ்பத்திரி மருந்து வாடை வந்தது, கூடவே ஈர மண் வாடை. வெளியே ஓர் ஆண்குரல் கெஞ்சியது... தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. அது அவள் பெயர் இல்லை.

செவ்வந்திக்குப் புரிந்துவிட்டது. இது வேறு எவளோ ஒருத்தியின் புருஷன். அப்படியானால் என் புருஷன் எங்கே? ஒருவேளை சாகவே இல்லையோ? அந்த நினைப்பு வந்ததும் பயங்கூட விட்டுப்போனது அவளுக்கு.

அப்போது செல்போன் அடித்தது. மருதையனின் நம்பர். பெட்டியோடு அனுப்பிய அவனுடைய பையும் போனும் மட்டும் ஊர் வந்து சேரவே இல்லை.

"ஏங்க... எங்க இருக்கீங்க?"

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். புரியாத பாஷை. அவளுக்குப் பின்னால், அவள் வீட்டுக் கதவில்... டொக். டொக்.

அதன் பிறகு, அந்தக் கதவுக்கு வெளியிலிருந்து, மருதையனின் குரல் போனில் கேட்டது.

"செவ்வந்தி... வாயெல்லாம் மண்ணா இருக்கு. கதவத் தொற புள்ள."