கைப்பிடி வேண்டாம் என்றவள்

மூட்டுவலிக்காரர்களுக்கு எது நல்லது என்று யாராவது கேட்டால், வெந்நீர்த் தொட்டி என்றுதான் இன்றும் சொல்வேன். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அந்த விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை.

அக்காவுக்கு முடக்குவாதம். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்கால் மடங்க மறுத்து ஒன்பது வருடம். வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, நீ போ, நான் ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றாள் அக்கா. இரண்டு முறை சொன்னாள். நான்தான் போகாமல் வேலையை விட்டேன். அவள் தடுத்திருந்தாலாவது என் கோபத்தை வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும்.

அவள் நல்லவள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. செருப்பை மாட்டிவிட்டால்கூட "தேங்க்ஸ்டி" என்பாள். ஒரு நாளைக்கு முப்பது தேங்க்ஸ். அது வலிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்கு வருகிறவர்கள், தங்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

குளியலறைச் சாமான் விற்கும் கடையில் விற்பனையாளர் மூன்றைக் காட்டினார். சௌனா என்றால் மரப்பலகை அறைக்குள் உலர்ந்த சூட்டில் உட்கார வேண்டும். ஸ்டீம் ஷவரில் கண்ணாடிக் கதவுக்குள் நீராவி வரும். மூன்றாவது, கழுத்தளவு வெந்நீரில் அமிழ்ந்திருக்கும் தொட்டி.

"சுட்டு எடுக்கவா, அவிச்சு எடுக்கவா, வேக வச்சு எடுக்கவான்னு கேக்குறாருடி," என்றாள் அக்கா. விற்பனையாளரும் சிரித்துவிட்டார்.

அவளுக்குப் பிடித்தது ஸ்டீம் ஷவர். உள்ளே ஓர் இருக்கை இருந்தது. கதவைத் தோளால் தள்ளினாலே திறந்தது. ஊன்றுகோலோடு போய் இரண்டு முறை தள்ளிப் பார்த்தாள்.

"இதுன்னா நானே போய்ட்டு நானே வந்துடுவேன். உன்னைக் கூப்பிடவே வேணாம் பாரு."

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டேதான், ஆவி மூச்சை அடைக்கும் என்றேன். சௌனா தோலை வறட்டிவிடும் என்றேன். தொட்டிதான் என்று முடிவானதும், படியும் கைப்பிடியும் சேர்த்துப் பொருத்திவிடலாம் என்றார் விற்பனையாளர்.

"கைப்பிடி எதுக்குங்க? நான் இருக்கேனே," என்றேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கு முந்தின வாரம் மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர், சூட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தனியாக விடவே கூடாது என்று. அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டதாக என்னையே நம்பவைத்தேன். மறந்தவள் எதற்கு வாரத்துக்கு ஒரு டிகிரி சூட்டைக் கூட்டிக்கொண்டே போனாள் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று காலை பத்தரை மணிக்கு அவளைத் தொட்டியில் இறக்கிவிட்டுத் துணி மடிக்கப் போனேன். கால் மணி நேரத்தில் கூப்பிட்டாள். இதோ வருகிறேன் என்றேன். மறுபடி கூப்பிட்டபோது தலையணை உறைகளை ஓரம் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை குரல் தேய்ந்திருந்தது.

"தலை சுத்துதுடி. கை வேலைய முடிச்சுட்டே வா, பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல'வை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், சொல்லுங்கள்.

விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். மாடியில் இருந்தேன், குரல் கேட்கவில்லை என்று அன்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கட்டிக்கொண்டு, உன்னைப் போல யார் பார்ப்பார்கள் என்று அழுதாள். கூனிக் குறுகிப் போனேன். அதற்கு மேல் தாங்காமல்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

நான் மாடியில் இல்லை. குளியலறை வாசலுக்கு வந்துவிட்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தூக்குவதற்கு வாகாக இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தக் கைகள் தாமாகவே தண்ணீருக்குள் இறங்கும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.