டேங்கரை நிறுத்திய தலைமை மெக்கானிக்குக்குக் கொட்டகையார் தரும் மடல்

விண்ணில் பறப்போரை மண்ணில் நின்று காத்த மாண்பாளரே! முப்பத்துநான்கு ஆண்டுகள் எண்ணெயும் வியர்வையும் ஒன்றாய் மணக்க, எந்நேரம் அழைத்தாலும் ஏணியும் கையுமாய் வந்து நின்ற ஏந்தலே! இன்று ஓய்வு பெறும் எங்கள் தலைமை மெக்கானிக்கே, அண்ணனே, வணக்கம்!

இம்மடலின் முதல் வடிவம் சென்ற வாரமே அச்சுக்குப் போய்விட்டது. வாசிக்க வாசிக்க இனிக்கும் வரிகள் அதில் நிறைய இருந்தன. நேற்று முன்தினம் அதைத் தங்களுக்குப் படித்துக் காட்டியதிலிருந்து எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆகவே இன்று வாசிப்பது வேறு மடல்.

தங்கள் திறமையில் ஒரு சொல்லையும் நாங்கள் குறைக்கவில்லை. வான்போர் என்றால் ஊர்க் கண்ணுக்குத் தெரிவது குண்டு வீசும் விமானம் மட்டும்தான். எதிரியின் ரேடாரைக் குருடாக்க ஒன்று, வானிலிருந்தே வழி சொல்ல ஒன்று, காவலுக்கு நான்கு, இத்தனைக்கும் நடுவானில் எரிபொருள் ஊட்ட நம் டேங்கர் ஒன்று என்று புதிதாய் வந்தவர்களுக்கெல்லாம் விரல் மடக்கிச் சொன்னவர் தாங்கள். டேங்கர் எழும்பாவிட்டால் மற்றவை போகலாம், திரும்பி வர முடியாது என்பீர்கள்.

கருவிப் பலகையின் கட்டுப்பாட்டைக் கற்பித்தவரும் தாங்களே. ஒரு திருப்புளியை எடுத்தாலும் அதன் இடத்தில் எடுத்தவர் தம் எண் பொறித்த தகட்டைத் தொங்கவிட வேண்டும். ஒரு தகடு தொங்கினாலும் விமானம் நகரக் கூடாது.

போரின் ஒன்பதாம் நாள் காலை, டார்ச் விளக்கின் இடத்தில் ஒரு தகடு தொங்கியது. ஹைட்ராலிக் பிரிவில் இருந்த சுருட்டைமுடிக்காரரின் தகடு அது. பதினான்கு விமானங்கள் ஓடுபாதையில் இரைந்துகொண்டு நின்றன. தளபதி தொலைபேசியில் காய்ச்சி எடுத்தார். தாங்களோ, "எடம் காலியா இருக்கு சார், கையெழுத்துப் போட மாட்டேன்" என்றீர்கள். ஐம்பது நிமிடம் தேடிய பிறகு, டேங்கரின் வாலுக்குள், திசை திருப்பும் கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் டார்ச் அகப்பட்டது. அது உருண்டு கம்பியில் சிக்கியிருந்தால் டேங்கர் நடுவானில் திரும்ப முடியாமல் விழுந்திருக்கும். அன்று போன அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள்.

தங்களுக்குப் பதக்கமும் பதவியும் வந்தன. சுருட்டைமுடிக்காரரை டயர் கொட்டகைக்குத் தூக்கியடித்தார்கள். வால் பக்கமே போகவில்லை என்று அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். நம்ப ஆளில்லை. 'டார்ச்' என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அவர் மகளையும் 'டார்ச் பொண்ணு' என்றார்களாம். பத்தொன்பது ஆண்டுகள் வாய் கூசாமல் கூப்பிட்டுச் சிரித்தவர்கள் நாங்கள்தான். இன்று வெட்கப்படுகிறோம்.

நேற்று முன்தினம் தேநீர் அறையில் பழைய மடலின் இந்த இடத்தைப் படித்தபோது தாங்கள் குவளையைக் கீழே வைத்தீர்கள். "அத வால்ல வச்சது நான்தான். அவன் பெட்டிமேலேர்ந்து சொல்லாம எடுத்துட்டுப் போனேன். போன் வந்துச்சு, எறங்கிட்டேன்" என்றீர்கள். எப்போது நினைவு வந்தது என்று எங்களில் பெயிண்டர் கேட்டார். பலகையைப் பார்த்த உடனேயே என்றீர்கள். அப்படியானால் அந்த ஐம்பது நிமிடம்? "வேற யாராவது எடுக்கட்டும்னு நின்னேன்."

அண்ணா, நாங்கள் தோள்மேல் தூக்கிச் சுமந்த கதை அது.

இதை மடலில் எழுதச் சொன்னவர் தாங்கள். நேற்றே தளபதிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதையும் இங்கே பதிகிறோம்.

முதல் கையொப்பம் சுருட்டைமுடிக்காரருடையதாக இருக்கட்டும் என்று நேற்று மாலை டயர் கொட்டகைக்குப் போனோம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து இரண்டு முறை படித்தார். "எழுதினது சரி. அவரு நல்லா இருக்கட்டும். என் கையெழுத்து வேணாம்" என்றவர், விட்ட இடத்திலிருந்து டயரைக் கழற்றத் தொடங்கினார்.

ஆகவே கீழே முதல் இடம் காலியாக இருக்கிறது. ஓய்வுக்காகத் தாங்கள் ஒப்படைத்த தங்கள் எண் தகட்டை, மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த இடத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். எடுத்தது யார் என்று பலகை சொல்ல வேண்டும், அது தங்கள் விதி.

நோய்நொடி அண்டாத நீண்ட ஆயுளைத் தங்களுக்கு மனமார வேண்டுகிறோம். டயர் கொட்டகைவரை நடக்கக் கால்களில் வலு இருக்கட்டும். அவர் கையெழுத்திடும் நாள்வரை போய்ப் போய்த் திரும்ப ஆயுளும் இருக்கட்டும். அன்று அந்தத் தகட்டை நாங்களே கழற்றித் தருவோம்.

(                    )
பராமரிப்புக் கொட்டகைப் பணியாளர்கள்